சொல்லாததற்குப் பதில்

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இங்கிலீஷ் டீச்சர் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் தன்னோடு தானே மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் இடது கைப் பக்கம் ஒரு தாள், வலது கைப் பக்கம் ஒரு தாள். பள்ளியில் நடக்கும் ஆங்கில வகுப்பு பிள்ளைகளுக்கு யோசிக்கவும் காரண காரியத்தோடு பேசவும் கற்றுத் தருகிறது என்று இடது தாளில் எழுதியிருந்தார். அதெல்லாம் ஒன்றும் கிடையாது, வெறும் மனப்பாடம்தான் என்று வலது தாளில் எழுதியிருந்தார். வலதில் ஒரு வரி எழுதியதும் இடதுக்குத் தாவி அதற்கு மறுப்பு எழுத வேண்டும். மறுப்பு சரியாக வரவில்லை என்றால் வலதுக்குத் திரும்பி, மறுக்க முடியாதபடி இருந்த அந்த வரியைக் கொஞ்சம் மழுக்கிவிட வேண்டும். இன்றைக்கு மழுக்க வேண்டிய வரிகள்தான் அதிகமாக இருந்தன.

வீட்டுக்காரர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். இரண்டு தாளையும் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் நீயே எழுதினா ஜெயிக்கிறது யாரு?"

"பெரிய மேடம் யாரைச் சொல்றாங்களோ அவங்க."

"தோக்கிறது?"

டீச்சர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "பால்," என்றார்.

அந்தப் பள்ளியில் டிபேட் என்றால் இதுதான் நடைமுறை. ஆதரவாகப் பேசும் பிள்ளைக்கும் எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கும் இங்கிலீஷ் டீச்சரே எழுதிக் கொடுப்பார். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தும் கொடுப்பார். 'என் மதிப்புக்குரிய நண்பர் சற்று முன் கூறியதைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தேன்' என்ற வரியை, அந்த மதிப்புக்குரிய நண்பர் வாயைத் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளை நெட்டுருப் போட ஆரம்பித்துவிடும். அதிர்ச்சிக்கும் ஒத்திகை உண்டு. இதில் யாருக்கும் எந்த வினோதமும் தெரிந்ததில்லை. பெற்றோர் வந்து கைதட்டிவிட்டுப் போவார்கள், பரிசு கொடுப்பவர் இளைய தலைமுறையின் வாதத் திறமையைப் பாராட்டிவிட்டுப் போவார், அடுத்த வருஷம் அதே தாளில் தலைப்பை மட்டும் மாற்றி டீச்சர் மறுபடி எழுதுவார்.

இந்த முறை தலைப்பு மேலிடத்திலிருந்தே வந்துவிட்டது. கல்வி அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். இந்தத் தலைப்பில்தான் பிள்ளைகள் பேசிக் கேட்க வேண்டுமாம். தலைமை ஆசிரியை, பள்ளி முழுக்க 'பெரிய மேடம்' என்று சொல்லுகிற அம்மையார், டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆதரவு அணிதான் ஜெயிக்கணும் டீச்சர். இல்லன்னா நம்ம மூஞ்சியில நாமே கரி பூசிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

எதிர்த்துப் பேச ரேடியோ இருந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன். திருகிவிட்டால் போதும், நிறுத்துகிற வரைக்கும் பேசுவான். என்ன பேசுகிறோம் என்பது பற்றி அவனுக்கு எந்தக் கவலையும் கிடையாது. ஆதரவாகப் பேச டீச்சர் தேர்ந்தெடுத்த பெண்ணின் பெயரைக் கேட்டதும் ஆசிரியர் அறையில் டம்ளர்கள் மேஜைக்கு இறங்கின.

"கேள்விக்குறியையா? உங்களுக்கு என்ன, வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்கணும்னு ஆசையா?" என்றார் சயின்ஸ் டீச்சர்.

கேள்விக்குறி என்பது அவர் வைத்த பெயர்தான். அந்தப் பெண்ணும் ஒன்பதாம் வகுப்பு. 'ஏன் மிஸ்', 'எப்படி மிஸ்', 'போன பாடத்துல வேற மாதிரி சொன்னீங்களே மிஸ்' என்று கேட்டுக் கேட்டு, சயின்ஸ் பீரியடில் பாதி நாள் வராந்தாவில்தான் நிற்பாள். துடுக்கு என்று சொல்ல முடியாது. குரலில் மரியாதை இருக்கும், கேட்டுவிட்டுப் பதிலுக்காக உண்மையாகவே காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. இன்னொரு புகார் வந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று பெரிய மேடம் அவளுடைய அம்மாவை வரவழைத்துச் சொல்லியாகிவிட்டது.

அந்த அம்மா தையல் கடையில் வேலை செய்கிறவள். பெரிய மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்தவள் வராந்தாவில் டீச்சரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. "வருஷத்து நடுவுல எந்த ஸ்கூல்ல மிஸ் எடுப்பாங்க? இவளையும் கடையில உக்கார வச்சிக்கிறதைத் தவிர எனக்கு வழி இல்ல. நீங்கதான் எப்படியாவது அந்த வாயைக் கட்டணும்."

டீச்சருக்கு அன்றிரவு முழுக்க அந்த விரல்கள் நினைவில் நின்றன. மேடையில் ஏற்றி, அதிகாரி முன்னால் நாலு நல்ல வார்த்தை ஒழுங்காகப் பேசவைத்துவிட்டால் பெரிய மேடத்தின் கோபம் தணியும் என்று கணக்குப் போட்டார். பெண்ணுக்கு நல்ல நினைவாற்றல். ஒரு தடவை படித்தால் அச்சு அசலாக ஒப்பிப்பாள். வேறு என்ன வேண்டும்?

ஒத்திகையின் முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸ், அவன் இன்னும் பேசவே இல்லையே. அதுக்குள்ள நான் எப்படி பதில் சொல்றது?"

"பேசுவான். நான்தானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப நான் அவனுக்குப் பதில் சொல்லல மிஸ். உங்களுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கே சொல்லு, பரவாயில்ல. மனப்பாடமா சொல்லு."

"நீங்க எழுதினதை நீங்களே எழுதி மறுத்திருக்கீங்க. இதுல உங்களுக்கு எது நிஜம் மிஸ்?"

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோன்றியது. எரிச்சலும் அதே அளவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் இப்படிக் கேட்டிருக்கிறார். பாடத்தில் ஒரு கதை. வீட்டுச் சொந்தக்காரர் குடியிருந்தவரை வெளியேற்றுகிறார். யார் பக்கம் நியாயம், ஏன், சொல்லுங்கள் என்று புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டார். வகுப்பு முதலில் விழித்தது, அப்புறம் மெல்லக் கிளம்பியது, மணி அடித்தும் நிற்காமல் வாசல் வரைக்கும் வாதாடிக்கொண்டே போனது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ், தப்பும் தவறுமாக, ஆனால் பிள்ளைகள் பேசினார்கள். பரீட்சையில் அந்தக் கதையிலிருந்து குடியிருந்தவரின் மனைவி பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். "சரி எது தப்பு எதுன்னு எங்க பிள்ளைங்களுக்கு நாங்க சொல்லிக்கிறோம் மிஸ். நீங்க கொஸ்டின் ஆன்சரை எழுதிப் போடுங்க," என்றார்கள். எழுதிப் போட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யாரும் புகார் சொல்லவில்லை.

"நாளைக்கு முழுசும் பார்க்காம சொல்லணும்," என்றார் கண்ணைத் திறக்காமலே. சொன்ன மாதிரியே மறுநாள் அவள் பார்க்காமல் சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் கழுவித் துடைத்து ஈரம் காயாமல் இருந்தது. அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், அன்றைக்கு அவருக்கு இது மூன்றாவது பள்ளியோ நான்காவதோ, கண்ணில் தூக்கம் தெரிந்தது. பெரிய மேடம் பக்கத்தில் இருந்துகொண்டு விசிறிகூட அவர் பக்கமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மேடையின் ஓரப் படியில், தாளை முந்தானையில் மறைத்துவைத்து, யாராவது தடுக்கினால் அடியெடுத்துக் கொடுக்கத் தயாராக நின்றிருந்தார்.

ரேடியோ கணீரென்று ஆரம்பித்தான். முதல் பத்தி அருமையாகப் போயிற்று. இரண்டாவது பத்தியில்தான் மனப்பாட விஷயம் வருகிறது. 'எங்களை யோசிக்கவிடுவதில்லை, எழுதிப்போட்டதை ஒப்பிக்கத்தான் வைக்கிறார்கள்' என்று மேஜையைக் குத்த வேண்டும். அதிகாரி அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டார். ரேடியோவின் கண் அந்தக் கொட்டாவிக்குள் விழுந்து எழுந்தது, பேச்சு நேராக மூன்றாவது பத்திக்குப் போய்விட்டது. மேஜையை மட்டும் மறக்காமல் குத்தினான், சம்பந்தமே இல்லாத இடத்தில். மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நன்றி சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். டீச்சர் மட்டும் தாளை எடுத்து, விடுபட்ட பத்தியைப் பார்த்தார்.

கேள்விக்குறி ஒலிபெருக்கி முன் வந்தாள். தெளிவாக, அவசரமில்லாமல், ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள். ஆங்கில வகுப்பு எங்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தருகிறது, ஆதாரம் தேடக் கற்றுத்தருகிறது. பெரிய மேடம் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "என் மதிப்புக்குரிய நண்பர் சற்று முன், நாங்கள் இங்கே மனப்பாடம் மட்டுமே செய்கிறோம் என்று கூறினார். அவரை நான் கேட்கிறேன்..."

நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சர் அடுத்த வரியை உதட்டசைவில் காட்டினார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். மறந்தவளின் முகம் இல்லை அது. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது மாதிரி ஒரு முகம்.

"ஹி டிட் நாட் ஸே தட்," என்றாள்.

மண்டபம் புரியாமல் காத்திருந்தது. மேற்கொண்டு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மேடையில் தமிழ் பேசக்கூடாது என்று பள்ளியில் விதி இருக்கிறது. அவள் தமிழில் பேசினாள்.

"அவன் அதைச் சொல்லவே இல்ல சார். மறந்துட்டான். ஆனா எங்கிட்ட பதில் இருக்கு. எங்க மிஸ் ரெண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தாங்க, அதனால முன்னாடியே இருக்கு. நாங்க மனப்பாடம் பண்றதில்லன்னு நான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். மனப்பாடம்தான் பண்றோம்னு அவன் மனப்பாடம் பண்ணி, அதை மறந்துட்டான். மறந்ததால அவன் தோத்துட்டானா, இல்ல அவன் சொல்ல வந்தது சரின்னு ஆயிடுச்சா? எனக்குத் தெரியல சார். நான் யோசிக்கணும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். உண்மையாகவே யோசித்தாள். எத்தனையோ வருஷமாக அந்த மேடையில் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றி இறக்கிய டீச்சர், அதன்மேல் ஒருத்தி யோசிப்பதை முதல் தடவையாகப் பார்த்தார். வந்தது சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை. பயம்தான் முந்திக்கொண்டது, ஏனென்றால் பெரிய மேடம் எழுந்து படியருகில் வந்து அவர் காதோடு சொன்னார்: "நாளைக்குக் காலையில அவ அம்மாவை வரச்சொல்லுங்க. டி.சி. ரெடியா இருக்கும்."

அதிகாரிக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, முதலில் பெண்ணையும் பிறகு டீச்சரையும் பார்த்தார்.

"டீச்சர், இதுவும் நீங்க எழுதிக் கொடுத்ததுதானா?"

இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் வெளியே. மேடையில் தமிழ், அதிகாரி முன்னால் அவமானம், பள்ளியின் மானம் சந்தி சிரித்தது, எல்லாம் சேர்ந்து நாளைக் காலை ஒரு தாளாகி அந்த ஊசி குத்திய கையில் போய்ச் சேரும். ஆமாம் என்று சொன்னால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். டீச்சர் மேடையைப் பார்த்தார். அவளும் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள், எப்போதும் காத்திருப்பது போலவே.

"ஆமா சார்," என்றார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "அவன் மறக்கிற மாதிரி மறக்கணும், இவ தடுமாறுற மாதிரி தடுமாறணும். அதுதான் சார் நாங்க யோசிச்சு வச்சது."

"நான் நிஜமாவே..." என்று ரேடியோ எழுந்தான். சயின்ஸ் டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கைதட்டினார். அவர் தட்டியதும் மண்டபமே தட்டியது. பெரிய மேடத்தின் கை எல்லோருக்கும் பிந்தி ஆரம்பித்து எல்லோருக்கும் பிந்தி ஓய்ந்தது. "என்ன இயல்பா பண்ணியிருக்கா அந்தப் பொண்ணு! தெரியாத மாதிரி நின்னாளே, அது யாருக்கும் லேசுல வராது," என்றார் அதிகாரி. அடுத்த மாதம் எல்லாப் பள்ளிகளும் கூடும் விழாவில் இதையே அப்படியே செய்துகாட்ட வேண்டும் என்றார். இதற்காகத்தான் டீச்சருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருந்ததாகப் பெரிய மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்த பெண்ணை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவளே இறங்கிப் போனாள்.

சாயங்காலம் வராந்தாவில் டீச்சருக்காக நின்றிருந்தாள்.

"உன்னை வெளியே அனுப்பியிருப்பாங்கடி," என்றார் டீச்சர், அவள் கேட்பதற்கு முன்பே.

"தெரியும் மிஸ். அதனாலதான் சொன்னீங்கன்னு தெரியும்." பையின் வாரை முறுக்கினாள். "ஆனா இனிமே நான் நிஜமா ஏதாவது கேட்டாலும் நீங்க எழுதிக் கொடுத்ததுன்னுதானே நினைப்பாங்க?"

டீச்சர் அவள் முறுக்கிய வாரை நேராக்கிவிட்டார். "வீட்டுக்குப் போ, அம்மா தேடுவாங்க," என்றார். அந்த அம்மா மறுநாளே ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாம சொன்னாளாமே மிஸ். நீங்க நல்லா இருக்கணும்," என்று இரண்டு கையையும் கூப்பினாள். டீச்சருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சயின்ஸ் டீச்சர்கூட இப்போதெல்லாம் அந்தப் பெண் கேள்வி கேட்டால் கோபப்படுவதில்லை. "இதுவும் உங்க மிஸ் எழுதினதா?" என்று சிரிப்பார், வகுப்பும் சிரிக்கும். அவள் கேட்பது குறைந்துவிட்டது.

விழாவுக்கான தாளை டீச்சர் அதே சாப்பாட்டு மேஜையில் எழுதினார். யோசிக்க எதுவும் இல்லை. அன்றைக்கு அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் இருந்தது. தமிழை ஆங்கிலமாக்கினார், உடைந்த இடங்களை ஒட்டினார். ரேடியோவின் தாளில் 'இங்கே மறக்க வேண்டும்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டார். அந்தப் பெண்ணின் தாளில் 'இங்கே நிற்க வேண்டும், யோசிப்பது போல' என்று போட்டபோது பேனா கொஞ்ச நேரம் தாளைவிட்டு எழவில்லை.

"இது யாரோட பக்கம்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"போய்ப் படுங்க," என்றார் டீச்சர்.

ஒத்திகையில் ரேடியோவுக்கு மறக்க வரவில்லை. நிஜமாக மறந்த பத்தி இப்போது கல்லில் வெட்டியதுபோல் பதிந்துவிட்டது. மறக்க வேண்டிய இடத்தில் முழுசையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். "மறக்கணும்னு ஞாபகம் வச்சிக்கிட்டா எப்படி மிஸ் மறக்கும்?" என்று பரிதாபமாகக் கேட்டான். வேறு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பார். பெரிய மேடம் ஒருமுறை எட்டிப் பார்த்து, அந்தப் பெண் நிற்கிற இடத்தில் கண்ணில் லேசாகத் தண்ணீர் வந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேள்விக்குறி தாளைப் படித்துப் பார்த்தாள்.

"நான் இப்படிச் சொல்லலையே மிஸ்."

"நீ சொன்னதுதான். இங்கிலீஷை மட்டும் சரி பண்ணியிருக்கேன்."

"கடைசியில 'எனக்குத் தெரியல'ன்னு சொன்னேன். இதுல 'தீர்ப்பை இந்த அவையிடமே விட்டுவிடுகிறேன்'னு இருக்கு."

"பெரிய மேடம் மாத்தச் சொன்னாங்க."

"தெரியலன்னு சொல்லக் கூடாதா மிஸ்?"

"போட்டியில சொல்லக் கூடாதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. டீச்சர் அதற்காகக் காத்திருந்தார் என்பது, அவள் கேட்காதபோதுதான் அவருக்கே தெரிந்தது.

கடைசி ஒத்திகை ஒரு மத்தியான நேரத்தில், காலியான வகுப்பறையில் நடந்தது. ரேடியோ ஒருவழியாக மறந்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் எழுந்து வந்து ஆரம்பித்தாள். குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. தன்னுடைய சொற்களையே யாரோ கொடுத்துவிட்ட சட்டைபோல் போட்டுக்கொண்டு பேசினாள். நன்றாகவே பேசினாள். என் மதிப்புக்குரிய நண்பர் சற்று முன் கூறினார், அவரை நான் கேட்கிறேன். அடைப்புக்குறி வந்தது. நின்றாள்.

ஒரு மூச்சுவிடுகிற நேரம் நின்றால் போதும் என்று சொல்லியிருந்தார் டீச்சர். அந்த நேரம் கடந்தது. அவள் பேசவில்லை. ரேடியோவுக்கு இப்போது எல்லோருடைய வரியும் தெரியும். முன்னால் சாய்ந்து, அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். டீச்சர் கையை உயர்த்தி அவனைத் தடுத்தார்.

அந்தப் பெண்ணின் கண், அங்கே இல்லாத அவையைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. தரையில் ஏதோ ஓர் இடத்தில் நிலைத்திருந்தது. புருவத்துக்கு நடுவே சின்னதாக ஒரு சுருக்கம். டீச்சர் தன் தாளைக் கவிழ்த்து வைத்தார். மணி அடித்தது, வராந்தாவில் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடினார்கள், யாரோ ஜன்னலில் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் வாயைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். ரேடியோவைத் தடுக்க உயர்த்திய டீச்சரின் கை வலிக்க ஆரம்பித்தது. அவர் அதை இறக்கவில்லை.